ஓனரக்கா கேட்ட இருட்டு

எங்கள் ஓனரக்கா ஒரு இடத்துக்குள் நுழைந்தால் முதலில் ஸ்விட்ச் போர்டைத்தான் பார்ப்பார். மனிதர்களைப் பிறகுதான் பார்ப்பார். கல்யாண வீடானாலும் சரி, ரேஷன் கடையானாலும் சரி, ஒரு பல்பு தேவையில்லாமல் எரிந்தால் அவருடைய வலது கை தானாக நீளும். அணைத்த பிறகுதான் "நல்லா கீறியா?" என்ற விசாரிப்பெல்லாம்.

ஒருமுறை அவரோடு பேங்குக்குப் போயிருந்தேன். பட்டப்பகல். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே கொட்டுகிறது. மேலே வரிசையாக எட்டு டியூப்லைட். அக்காவால் தாங்க முடியவில்லை. "சூரியன் இன்னா லீவுலயா கீறாரு?" என்று கேட்டுக்கொண்டே சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினார். டியூப்லைட் ஒன்றும் அணையவில்லை. மூன்றாவது கவுன்ட்டரின் கம்ப்யூட்டர்தான் அணைந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். அக்கா அதற்குள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அவர்களோடு சேர்ந்து, "யாருப்பா அது, அறிவில்ல?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்குவதற்காகப் பாஸ்புக்கை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில், காருக்கு ஹெட்லைட் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். லைனின் கடைசியில் உட்கார்ந்து, ஒவ்வொரு லைட்டும் சுவரில் சரியான இடத்தில் வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே ஓனரக்காவின் லைன் வீடு. ஒரே நீளச் சுவருக்குள் ஆறு அறை, மொத்தம் பதினோரு பெண்கள், எல்லோரும் ஒரே கம்பெனி. வாடகை பேசப் போன அன்று என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அவர் வாயில் என் பெயர் வரவேயில்லை. "இன்னா லைட்டு, துன்னியா?" "இன்னா லைட்டு, இன்னிக்கி எத்தினி பேர் கண்ணைக் குத்த லைட்டு செஞ்சிட்டு வந்த?"

ஒன்பது மணிக்கு மேல் வாசலில் விளக்கு எரியக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். சரியான கஞ்சம் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, கரண்ட் பில் கட்டுவது நாங்கள். எங்கள் காசை மிச்சம் பிடிக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அவருக்கு உண்மையிலேயே இருட்டு பிடிக்கும். அது ஒரு ருசி மாதிரி. சிலருக்குக் கருவாடு பிடிக்காதா, அதுபோல.

ஒரகடம் பக்கத்து ராத்திரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கம்பெனி, அந்த குடோன், ஹைவே, எல்லா வெளிச்சமும் மேலே ஏறி வானம் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். "எப்பப் பாரு வுடியப் போற மாதிரியே கீது, வுடிஞ்சித் தொலையவும் மாட்டேங்குது" என்பார் அக்கா. நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "வுடிவெள்ளி ஒண்ணுதான் டூட்டிக்கி வருது. மத்ததெல்லாம் விஆர்எஸ் வாங்கினு போயிடுச்சி."

அப்படிப்பட்டவர் வாசலில் தெருவிளக்கைக் கொண்டுவந்து நட்ட புண்ணியவதி நான்தான்.

காரணம் இருந்தது. எங்களுக்கு அப்போது நிரந்தரமாக செகண்ட் ஷிஃப்ட். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் எங்களை இறக்கிவிடும்போது மணி பதினொன்றே முக்கால் ஆகியிருக்கும். அங்கிருந்து லைன் வீடு வரை ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அக்காவின் அரை ஏக்கர் வயல், நடுவில் ரோடு. ஒரு ராத்திரி பைக்கில் வந்த இரண்டு பேர் எங்களில் ஒருத்தியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவள் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தாள். நான் உட்கார்ந்து மனு எழுதினேன். பதினோரு கையெழுத்து. ஒரு மாதத்துக்குள் வயல் வளைவில் கம்பம் நட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு எல்இடி விளக்கைப் போட்டுவிட்டார்கள். முதல் நாள் அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். "பொம்பளைப் புள்ளைங்க வர்ற வழி. இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அவர் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

முதலில் அக்கா வளர்த்த சேவலுக்குப் புத்தி கெட்டது. பன்னிரண்டு மணிக்குக் கூவும், இரண்டரைக்குக் கூவும், விடியும் நேரத்தில் அசந்து தூங்கிவிடும். "மூணு ஷிஃப்ட்டும் பாக்குது, இதுக்கு ஓவர்டைம் எவன் குடுப்பான்?" என்று கூடையைப் போட்டுக் கவிழ்த்தார். கூடை மேல் கோணிப்பை போட்டார். அப்படியும் அது உள்ளேயிருந்து கூவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிட்டது. "இனிமேனாச்சும் நிம்மதியா தூங்கட்டும்" என்று எங்கள் அறைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்.

அடுத்து நெல். எங்கள் ஊரில் மிளகாயும் கம்பும்தான். நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பிற்பாடு சோறாகும் என்பது மட்டும். மார்கழி பிறந்ததும் ஒரு நாள் பகலில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரப்பில் நிறுத்தினார். தூரத்துப் பாதி வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. ரோட்டை ஒட்டிய பாதியில் ஒரு கதிர்கூட இல்லை. பச்சைப் பசேலென்று வெறும் தாள், என் இடுப்புக்கு மேல்.

"நல்லா செழிப்பாதானக்கா இருக்கு?" என்றேன்.

"செழிப்புதான். மாட்டுக்குப் போடலாம்."

அன்று ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அதே வரப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மறுபடி என்னை இழுத்து நிறுத்தினார். விளக்கின் வெளிச்சம் வயலில் அரைவட்டமாக விழுந்து ஓரிடத்தில் முடிந்தது. கதிர் இல்லாத பாதியும் சரியாக அங்கேதான் முடிந்தது. தினமும் எட்டு மணி நேரம் வெளிச்சத்தின் விளிம்பைச் சுவரில் பார்க்கிறவள் நான். எனக்கு வேறு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

விதைக்கடைக்காரர் விவரம் சொன்னாராம். அக்கா போடுகிற சம்பா, ராத்திரி நீளமாக இருந்தால்தான் கதிர் விடுமாம். "நீ அதுக்கு ராத்திரியே இல்லாம பண்ணி வெச்சிக்கிற. வேற ரகத்தைப் போடும்மா" என்றாராம். அக்காவுக்கு வந்ததே கோபம். "எங்க நெல்லு எத்தினி காலமா கீது, அந்த லைட்டு நேத்து வந்தது. நேத்து வந்ததுக்கு நானு மாறிக்கணுமா?" என்று விதையை வாங்காமலே வந்துவிட்டார்.

அவருடைய மகன் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அந்த வயலில் மண் கொட்டி மேடாக்கி, லாரி நிறுத்த விடலாம் என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பாதி வயல் பொய்த்ததும் அவர் பேச்சுக்குப் பலம் வந்துவிட்டது. "யம்மா, இன்னொரு வருசம் பாரு. அப்பவும் கதிர் வரலன்னா நான் மண்ணடிச்சிடுவேன். அப்பால அழக்கூடாது" என்றார். "சரிடா" என்றார் அக்கா. சரி என்று சொல்லிவிட்டால் அவர் மாறமாட்டார். அது அவருடைய இன்னொரு கெட்ட பழக்கம்.

அடுத்த ஆவணியில் மறுபடியும் அதே சம்பாவைத்தான் போட்டார். போட்ட கையோடு விளக்கின் மேல் போர் தொடுத்தார். தொரட்டிக் கோலில் கோணிப்பையைக் கட்டி விளக்குக்கு முக்காடு போட்டார். அது காற்றில் பறந்து போய், பைக்கில் வந்த ஒருத்தர் முகத்தை மூடிவிட்டது. அவர் வாய்க்காலில் இறங்காமல் தப்பியது அதிர்ஷ்டம். அப்புறம் எண்ணெய் டின்னை வெட்டிக் குல்லா மாதிரி மாட்டப் பார்த்தார். கம்பத்தில் ஏற ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"லைட்டு, நீதான மனு எழுதி வரவெச்ச? நீயே எழுதி அனுப்பி வை."

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக அழகான மனு அது. 'மேற்படி விளக்கு எரிவதால்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். இருவரும் மனு முகாமுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் படித்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"எரியுதுன்னா மனு குடுக்குறீங்க?"

"ஆமாம்பா, எரியுது. அதான் கம்ப்ளெய்ன்ட்டு" என்றார் அக்கா.

"தெருவிளக்குன்னா ரெண்டுதாம்மா கீது. 'வேண்டும்', 'எரியவில்லை'. எரியுதுன்னு ஒண்ணு இல்ல. 'இதர'ன்னு போட்டா யாரும் எடுத்துப் பாக்க மாட்டாங்க. எரியலன்னும் போட முடியாது, அது பொய்யாப் போவும். 'வேண்டும்'னு போட்டுடவா? ஆள் வருவாங்க, வந்தவங்ககிட்ட நேர்ல சொல்லிக்குங்க."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "போடுங்க தம்பி" என்று சொன்னது நான்.

ஆள் வந்தார்கள். அக்கா குன்றத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து வந்தார்கள். நாங்கள் வேலைக்குப் போயிருந்தோம். ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோடு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. பழைய விளக்குக்கு இருபது அடி தள்ளி, வயலைப் பார்த்த மாதிரி, இரண்டாவதாக ஒரு விளக்கு. என் போனில் செய்தி வந்தது: 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.' அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "கையெழுத்து நல்லா இருந்துச்சில்ல, அதான் ஒண்ணு சேத்தே குடுத்துட்டாங்க" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை குழாயடியில் எங்கள் பதினோரு பேரையும் கூட்டிவைத்துப் பேசினார். ஊரில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர்தான் தெருவிளக்கையும் போட்டு அணைப்பவர். அவரை அக்கா ஏற்கெனவே மோரும் வடையும் கொடுத்துக் கரைத்து வைத்திருந்தார். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டாராம், அந்தப் பெண்கள் சம்மதித்தால்தான் அணைப்பேன் என்று.

"நாப்பது நாளு. அதுக்குள்ள கதிர் தொண்டைக்கி, வெளிய எட்டிப் பாக்குற எடத்துக்கு வந்துடும். அப்பால நீங்க சூரியனையே கொண்டாந்து கட்டுங்க, நான் கேக்கல."

போனைப் பறிகொடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். "எங்களுக்குப் பயமா இருக்குல்லக்கா? நீங்க கேக்கீகன்னு நாங்க எப்படி நடக்க?"

"பயந்துனு நடங்கன்னு நான் சொல்லல. நானு பஸ்ஸாண்ட வந்து இட்டுனு வரேன். தெனிக்கும். மழ வந்தாலும் வரேன்."

"நாப்பது நாளுமா?"

"நாப்பதும்."

ஐப்பசி பாதியில் தொடங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் அக்கா மூங்கில் தடியோடு நிற்பார். கையில் டார்ச். அதை எங்கள் காலடிக்கு மட்டும் அடிப்பார், வயல் பக்கம் ஒரு சொட்டு வெளிச்சம் போகக் கூடாது. யாராவது போனைத் தூக்கினால் போதும். "அந்தாண்ட காட்டாத, அது தூங்குது!" பாம்பு இருக்குமே என்றாள் ஒருத்தி. "லைட்டுக்குக் கீழதான் பூச்சி, பூச்சிக்குப் பின்னாலதான் தவள, தவளைக்குப் பின்னாலதான் பாம்பு. அணைச்சதும் அதெல்லாம் வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கினு போயிடுச்சி" என்றார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். மாமியாரை ஏமாற்றிய கதை, பேங்கில் கம்ப்யூட்டரை அணைத்த கதை, அதில் அணைத்தவளாக என்னை மாற்றிச் சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்துக்கே எந்த பைக்கும் கிட்டே வரவில்லை. பத்துப் பதினைந்து நாளில் எங்களுக்குக் கண் பழகிவிட்டது. வரப்பு தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. மழை விட்ட ஒரு ராத்திரியில் வயலுக்கு நேர் மேலே ஒரு கை அள்ளிப் போட்ட அளவுக்கு நட்சத்திரம்கூடத் தெரிந்தது.

கார்த்திகை தீபத்தன்று எங்களுக்குள் பந்தயம். ஊரே விளக்கு வைக்கும் நாளில் அக்கா என்ன செய்வார் என்று. வீட்டு வாசல் முழுக்க அகல் ஏற்றினார். வயலுக்கும் ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்பது வழக்கமாம். ஒரே ஒரு அகலை வரப்பில் ஏற்றி, பயிர் பக்கம் முறத்தை நிறுத்தி மறைத்துவிட்டுக் கும்பிட்டார். "சாமிக்கி மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

இருபத்தேழாவது ராத்திரி. தூறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ரோட்டைக் கடக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டும்போது எதிரே ஒரு வேன், ஹைபீமைப் போட்டுக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கினோம். வேன் போன பிறகு பார்த்தால் அக்காவைக் காணோம். பாலத்துக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் சேர்ந்து மேலே தூக்கினோம். வலது மணிக்கட்டு தொங்கியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: "பாத்துக்கோ லைட்டு, நான் வெளிச்சத்துலதான் வுழுந்தேன். இருட்டுல வுழல. ஊர்ல எவனாச்சும் கேட்டா சொல்லு."

மகன் தண்டலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எலும்பு முறிவோடு சர்க்கரையும் ஏறியிருந்ததால் நாலு நாள் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினோம். இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. கம்பத்தடியில் ஆபரேட்டர் குடையோடு நின்றார். "அக்கா இல்ல, பொம்பளைப் புள்ளைங்க தனியா வருவீங்களேன்னு போட்டேன்" என்றார். நல்ல மனிதர். அந்த வெளிச்சத்தில் ஓடிப்போய் வீட்டுக்குள் புகுந்துகொண்டிருக்கலாம். எனக்கு அதுதான் ஆசையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் யாரும் நகரவில்லை. போனைப் பறிகொடுத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அணைச்சிடுங்கண்ணே."

"தோ பாரும்மா, நாளைக்கி எதுனா ஆச்சின்னா என் தலைதான் உருளும். எழுதிக் குடுங்க."

எழுத வேண்டும் என்றால் எல்லோரும் என்னைத்தானே பார்ப்பார்கள். அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே, சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில், என் மூன்றாவது மனுவை எழுதினேன். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் முழு மனதோடு இருட்டில் நடக்கச் சம்மதிக்கிறோம்.' பதினோரு கையெழுத்து. ஆபரேட்டர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் ஸ்விட்சை இறக்கினார். ஒருத்தி துப்பட்டாவை ஒருத்தி பிடித்துக்கொண்டு, அக்காவின் மாமியார் கதையை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தோம். மூன்று ராத்திரி அப்படியே நடந்தோம்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியவள், சாயங்காலம் வயலோரமாக வரும்போது எதையோ பார்த்து நின்றேன். ரோட்டுப் பக்கத்துப் பயிரில் தண்டெல்லாம் மேலே உருண்டு வீங்கியிருந்தது. ஏதோ பூச்சி விழுந்துவிட்டது, இத்தனையும் பாழ் என்று நினைத்தேன். அக்காவிடம் காட்டி மருந்து கேட்கலாமென்று வீங்கியதில் பெரியதாகப் பார்த்து ஒரு தண்டை ஒடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வார்டு வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டார். "நீங்க அந்தம்மா ஆளா? தயவுசெஞ்சி சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. லைட்டை நான் போட, அவங்க அணைக்க, மூணு நாளா இதே பொழப்பு." அக்கா கட்டிலில், கையில் மாவுக்கட்டோடு, தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டு அரையிருட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் தனியாக நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"பைத்தியக்காரிங்களா! எவ அணைக்கச் சொன்னது? எதுனா ஆயிருந்தா உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்காரும் அளவுக்குத் திட்டினார். திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார். "எத்தினி நாளு அணைச்சீங்க?"

"மூணு."

"அப்ப அந்த மூணும் நாப்பதுல சேரும்."

கைப்பையிலிருந்து தண்டை எடுத்து நீட்டினேன். "அக்கா, பயிருக்கு என்னமோ சீக்கு வந்திருக்கு. எல்லாம் இப்படித்தான் வீங்கிக் கிடக்கு."

இடது கையால் வாங்கினார். விரலால் ஒருமுறை தடவினார். பல்லால் கடித்து ஓரத்தைக் கிழித்துத் தோலை விலக்கினார். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, மடங்கிக்கொண்டு ஏதோ ஒன்று இருந்தது.

"அடிப் பாவி" என்றார். "வந்த கதிரை ஒடிச்சினு வந்துட்டியேடி."

அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. அக்கா அந்தத் தண்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுபோனார்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டார். "அந்த லைட்டைக் கொஞ்சம் போடும்மா."

நர்ஸ் நம்பாமல் வாசலிலேயே நின்றார். நான்தான் எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டேன்.